நாலு பேர், எட்டுக் குரல்: தூவாவின் ஹூன்-ஹூர்-டூ

மாடித்தோட்டம்:
ராத்திரி யூடியூபில் சும்மா மேய்ந்துகொண்டிருந்தபோது ஹூன்-ஹூர்-டூ என்றொரு குழு கண்ணில் பட்டது. நாலே பேர். பட்டு அங்கி போட்டுக்கொண்டு வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பாட ஆரம்பித்ததும் கீழே ஓர் உறுமல் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் அதற்கு மேலே புல்லாங்குழல் போல ஒரு விசில். இரண்டும் ஒரே ஆள் வாயிலிருந்துதான் வருகிற மாதிரி தெரிகிறது. ஆனால் உதடு கொஞ்சம்கூட அசையவில்லை. பின்னால் ஏதாவது மெஷின் வைத்திருக்கிறார்களா? கமெண்டில் ஒருவர் இது மங்கோலியா என்கிறார், அடுத்தவர் அவரைத் திட்டுகிறார். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பழைய_ரேடியோ:
மெஷின் எதுவும் கிடையாது, ஒரே தொண்டைதான். ஊரும் மங்கோலியா இல்லை. மங்கோலியாவுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் தூவா. இன்றைக்கு ரஷ்யாவுக்குள் ஒரு குடியரசு. 1921 முதல் 1944 வரை பெயரளவிலாவது தனி நாடாக இருந்தது. தபால்தலை சேர்க்கிற ஆட்கள் இங்கே இருந்தால் முக்கோணத்திலும் சாய்சதுரத்திலும் வந்த தூவா தபால்தலைகளைப் பார்த்திருப்பார்கள். 1944ல் சோவியத் யூனியன் சேர்த்துக்கொண்டது. மொழி துருக்கிய இனத்தைச் சேர்ந்தது, மங்கோலியத்துக்கு உறவில்லை. கலை மட்டும் எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு.

கமெண்டில் திட்டிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தொண்டைப் பாட்டு யுனெஸ்கோ பட்டியலில் 2009ல் சீனா பெயரில் ஏறியது, 2010ல் மங்கோலியா பெயரில் ஏறியது. இதை உலகம் முழுக்க மேடை ஏற்றிக் காட்டியதில் பெரும்பங்கு தூவாக்காரர்களுடையது. அந்த இரண்டு பதிவும் அவர்கள் பெயரில் இல்லை. கோபம் வராதா?

குழு 1992ல் தொடங்கியது. கைகால்-ஊல் ஹொவாலிக், அலெக்ஸாந்தர் பாப்பா, அவர் சகோதரர் சயான் பாப்பா, ஆல்பர்ட் குவேஜின் ஆகிய நாலு பேர். முதலில் வைத்த பெயர் குங்குர்துக். குவேஜின் சீக்கிரமே விலகி யாட்-கா என்ற தன் குழுவோடு ராக் பக்கம் போய்விட்டார். அவர் இடத்துக்கு அனதோலி கூலார் வந்தார். அப்புறம் அலெக்ஸாந்தர் பாப்பாவும் விலக, தாளக்காரராக அலெக்ஸெய் சரிக்லார் சேர்ந்தார். ஆள் மாறினாலும் நாலு என்ற கணக்கை விடவில்லை.

மிக்ஸர்_போர்டு:
ஸ்டுடியோவில் வேலை செய்கிறவன் என்பதால் அந்த விசில் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நாம் ஒரே ஸ்வரத்தில் ‘ஆ’ என்று நீட்டினாலும் அதில் ஒரு ஒலி மட்டும் இல்லை. அடிப்படை ஒலியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேல் ஒலிகள் அடுக்கடுக்காக அதற்குள்ளேயே இருக்கின்றன. நம் காது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே குரலாக எடுத்துக்கொள்கிறது. நாக்கு, உதடு, தொண்டை எல்லாம் வடிவம் மாறும்போது சில மேல் ஒலிகள் பெருகும், சில அமுங்கும். ‘ஆ’வும் ‘ஈ’யும் வேறு வேறாகக் கேட்பது அதனால்தான்.

தூவாக்காரர்கள் இதை எல்லை வரை இழுக்கிறார்கள். சிகித் என்ற பாணியில் நாக்கின் முன்பகுதியை மேல் அண்ணத்தில் ஒட்டி, கிட்டத்தட்ட அடைத்துவிடுகிறார்கள். ஓரத்தில் ஒரு சின்ன வழி மட்டும். அதற்கப்புறம் நாக்கின் பின்பகுதியிலும் உதட்டிலும் செய்கிற மிகச் சின்ன அசைவுகளால் ஒரே ஒரு மேல் ஒலி மட்டும் பொறுக்கி எடுக்கப்பட்டு, தனி விசிலாக நமக்குக் கேட்கிறது. வாய் அசையவில்லை என்று தோன்றுவது அதனால்தான். வேலை எல்லாம் உள்ளே நடக்கிறது.

2020ல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. ஹூன்-ஹூர்-டூ பாடகர்களையே பாடவைத்து ஒலியை அலசியிருந்தார்கள். ஸ்கேன் எடுத்து, பாடும்போது வாய்க்குள் என்ன நடக்கிறது என்றும் பார்த்தார்கள். சாதாரணப் பேச்சில் தனித்தனியாக இருக்கும் இரண்டு அதிர்வு மண்டலங்களை இவர்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டவைக்கிறார்கள், அதனால் 1000 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒரு குறுகிய இடத்தில் சக்தி எல்லாம் குவிகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதாவது தொண்டையில் இரண்டாவது சத்தம் ஒன்று பிறப்பதில்லை. ஏற்கெனவே இருப்பதைச் சலித்து எடுக்கிறார்கள்.

கீழே கேட்கிற அந்தக் கனத்த உறுமல் வேறு கதை. அது கர்கிரா. குரல்நாண்களுக்கு மேலே ‘பொய்க் குரல்நாண்’ என்று ஒரு ஜோடி மடிப்பு உண்டு. பேசும்போது அது சும்மா கிடக்கும். கர்கிரா பாடும்போது அதுவும் சேர்ந்து, பாதி வேகத்தில் அதிர்கிறது. அதனால் பாடுகிற ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே சத்தம் வருகிறது.

மோர்சிங்_மணி:
மிக்ஸர் சார் சொன்னது எங்களுக்குத் தினசரி வேலை. மோர்சிங்கில் நாக்குக் கம்பி ஒன்றே ஒன்று, அதன் ஸ்வரமும் ஒன்றே ஒன்று. மிச்சம் எல்லாம் வாய்க்குள் தான். தூவாவிலும் அச்சு அசல் அதே கருவி இருக்கிறது, ஹோமுஸ் என்கிறார்கள். நமக்கு அது மிருதங்கத்தின் பின்னால் போய் உட்கார்ந்து சொற்கட்டு சொல்லும். அவர்கள் அதில் மெட்டு வாசிக்கிறார்கள். அந்த வித்தியாசம் கேட்கவே சுவாரசியமாக இருக்கிறது.

இன்னொன்று. சிகித் கேட்டதும் ‘இது என்ன, மோகனம் மாதிரி இருக்கிறதே’ என்று யாருக்காவது தோன்றினால் அது பிரமை இல்லை. எட்டாவது மேல் ஒலியை ஸட்ஜமாக வைத்தால் ஒன்பதாவது சதுச்ருதி ரிஷபம், பத்தாவது அந்தர காந்தாரம், பன்னிரண்டாவது பஞ்சமம். ஏழையும் பதினொன்றையும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏழு நம் நிஷாதத்துக்குக் கொஞ்சம் கீழே தொங்கும், பதினொன்று எந்த மத்தியமத்திலும் சேராது. தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்துவிட்டால் யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, இவர்கள் பாடுகிற காந்தாரம் அதேதான்.

வெட்டி_ஆபீசர்:
நான் இந்த இழையைப் படித்துவிட்டு பாத்ரூமில் கர்கிரா முயற்சி செய்தேன். கீழ் வீட்டுக்காரர் மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டு மேலே வந்துவிட்டார்.

மோர்சிங்_மணி:
தம்பி, தொண்டையை இறுக்கிக் கத்தாதீர்கள். எரிச்சல் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். முதலில் ‘ஊ’விலிருந்து ‘ஈ’ வரை மெதுவாக நகர்ந்து, நடுவில் மேல் ஒலி எங்கே தலைகாட்டுகிறது என்று காதால் பிடிக்கப் பாருங்கள். கர்கிரா எல்லாம் அப்புறம்.

கறார்_பேர்வழி:
எல்லாரும் பிரமித்துக்கொண்டிருப்பதால் நான் கொஞ்சம் குறுக்கே வருகிறேன். குரல் வித்தை, சரி. ஆனால் இதைப் ‘பாரம்பரிய நாட்டுப்புற இசை’ என்று சொல்வதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. குதிரை மேய்க்கிறவன் நாலு பேராகச் சேர்ந்து, பட்டு அங்கி மாட்டி, மைக் முன்னால் அளவெடுத்த மாதிரி ஐந்து நிமிஷம் பாடுவானா? இது வெளிநாட்டுக் கச்சேரி அரங்குக்காகவே செய்த சரக்கு. மேற்கே ‘உலக இசை’ என்று ஒரு சந்தை உருவானது, அதற்கு ஏற்றபடி இவர்கள் கடை போட்டார்கள். 1992 என்ற வருஷமே சொல்கிறதே. சோவியத் உடைந்தது, பாஸ்போர்ட் கிடைத்தது, குழு பிறந்தது.

பழைய_ரேடியோ:
கறார் சார், நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தக் குழுவில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

நாலு பேர் குழு என்பது தூவாவில் பழைய வழக்கம் இல்லை. தொண்டைப் பாட்டு தனி ஆளின் பாட்டு. மந்தையோடு போகிறவன், மலைச்சரிவில் உட்கார்ந்திருப்பவன், குதிரை மேல் போகிறவன் தனக்காகப் பாடியது. எஸெங்கிலேர் என்று ஒரு பாணி இருக்கிறது. குதிரை ஓட்டத்தில் சேணத்தின் கால் வளையம் துள்ளுகிற தாளத்திலேயே குரல் துள்ளும். போர்பங்நாதிர் என்று இன்னொன்று, ஓடை கூழாங்கல் மேல் உருண்டு ஓடுகிற சலசலப்பு அதில் வரும். ஓடைக் கரையில் உட்கார்ந்து தண்ணீரோடு சேர்ந்து அனதோலி கூலார் பாடியதை அமெரிக்க இசை ஆய்வாளர் தியடோர் லெவின் பதிவு செய்திருக்கிறார். எது தண்ணீர், எது தொண்டை என்று சில இடத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. அங்கே கேட்பதற்கு ஆளே தேவையில்லை.

இப்போது நீங்கள் விட்டுவிட்ட பாதிக்கு வருகிறேன். தனிப்பாட்டிலிருந்து நேராக இந்த நாலு பேருக்கு யாரும் தாவவில்லை. நடுவில் சோவியத் காலம் இருந்தது. பாட்டைப் பெரிய அரங்குக்கு ஏற்ற வேண்டும் என்று அரசுக் குழுக்கள் வந்தன. கூட்டுப் பாடல், நடனம், ஒரே மாதிரி உடை, மேற்கத்திய இசைக்குழுவைப் பார்த்துச் செய்த வாத்திய வரிசை என்று எல்லாம் சேர்ந்துகொண்டது. குதிரைமயிர்த் தந்தியின் கரகரப்பு அந்த ஏற்பாட்டில் ஒரு குறையாகிவிட்டது. கைகால்-ஊல் 21 வயது வரை மேய்ப்பராக இருந்தவர். அதன்பிறகு அரசுக் குழுவுக்குப் போனார். 1993ல் அதை விட்டுவிட்டு முழுநேரமாக இந்தச் சிறு குழுவுக்கு வந்தார். சயான் பாப்பா அதற்கு முன்னால் ஜாஸ்-ராக் குழுவில் பேஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்தவர்! இவர்கள் வேண்டுமென்றே ஆளைக் குறைத்தார்கள், மறந்துபோன பழைய பாடல்களைத் தேடினார்கள், கரகரப்பைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தார்கள். இது பழையதை அப்படியே காப்பாற்றி வைத்த குழு இல்லை. எது பழையது என்று உட்கார்ந்து யோசித்து முடிவு செய்த குழு. அதனால் ‘சந்தைச் சரக்கு’ என்ற உங்கள் முடிவை மட்டும் நான் ஏற்க மாட்டேன். சந்தைக்காக என்றால் அரசுக் குழுவின் பளபளப்பே போதுமே?

கறார்_பேர்வழி:
பளபளப்பு மாஸ்கோவில் விற்கும். கரகரப்பு லண்டனிலும் நியூயார்க்கிலும் விற்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மிக்ஸர்_போர்டு:
ஐயோ, நல்ல அடி.

பழைய_ரேடியோ:
அடி நல்ல அடிதான். ஆனால் வாத்தியத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இகில் என்பது அவர்களுடைய வில் வாத்தியம், இரண்டே தந்தி. ஒவ்வொன்றும் குதிரைவால் மயிரைக் கற்றையாகச் சேர்த்தது. வில்லிலும் குதிரைமயிர். மயிர் மேல் மயிர் உரசுகிறது, அதனால் ஒரு ஸ்வரத்தைச் சுற்றிப் புகைமூட்டம் போல நிறைய மேல் ஒலி எழும்புகிறது. வயலின் மாதிரி தந்தியைப் பலகையில் அழுத்துவது கிடையாது. விரலாலோ நகத்தாலோ பக்கவாட்டில் லேசாகத் தொடுவதுதான். கழுத்தின் உச்சியில் ஒரு குதிரைத் தலை செதுக்கியிருக்கும்.

அந்தத் தலைக்கு ஒரு கதை உண்டு. ஒரு அநாதைப் பையன் வளர்த்த குதிரை பந்தயங்களில் எல்லாம் ஜெயிக்கிறது. ஊர்ப் பிரபு பொறாமையில் அதைக் கொன்றுவிடுகிறான். பையன் அழுது அழுது தூங்கிப்போக, குதிரை கனவில் வந்து ‘என் தலையை மரத்தில் செதுக்கு, என் தோலைப் போர்த்து, வால் மயிரைத் தந்தியாகக் கட்டு’ என்கிறது. அப்படிப் பிறந்ததாம் இகில். மங்கோலியரும் தங்கள் குதிரைத்தலை வாத்தியத்துக்கு இதே சாயலில் கதை சொல்கிறார்கள்.

தூவா ஆய்வாளர் வாலெந்தினா சூஸ்யூகேய் சொன்ன ஒரு சம்பவம் இன்னும் சுவை. வயதான இகில் கலைஞர் ஒருவரிடம், எந்தத் தந்தி எந்த ஸ்வரம் என்று குறித்துக்கொள்வதற்காக ஒவ்வொன்றாகத் தனித்தனியே வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். அவர் திரும்பத் திரும்ப இரண்டையும் சேர்த்தே வாசித்திருக்கிறார். தனித் தந்தி என்பது அவருக்கு இசையாகவே படவில்லை. ஸ்வரங்களை வரிசையாகக் கோப்பது அவர்கள் காதுக்கு இரண்டாம்பட்சம். ஒரே ஒலிக்குள்ளே எத்தனை ஒளிந்திருக்கிறது என்பதுதான் முதல். சோவியத் குழுக்கள் தொலைத்தது இந்தக் காதைத்தான். நாலு பேர் போதும் என்று இவர்கள் முடிவு செய்ததற்கும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம். ஐம்பது பேர் சேர்ந்து வாசித்தால் அந்தப் புகைமூட்டம் எங்கே கேட்கப்போகிறது?

மோர்சிங்_மணி:
அண்ணே, இந்த இரண்டு தந்தி விஷயத்தைப் படித்ததும் திரும்பப் போய்க் கேட்டேன். பாடகர் சிகித்தில் இருக்கும்போது இகில் மெட்டைத் தொடர்வதே இல்லை. அடியில் கிடந்து உரசிக்கொண்டே இருக்கிறது. அந்த உரசலிலிருந்துதான் விசில் பிறக்கிற மாதிரி ஒரு மயக்கம்.

நீலாம்பரி:
இவ்வளவு பேசுகிறீர்கள், பெண்களைப் பற்றி ஒரு வரி வரவில்லையே. தொண்டைப் பாட்டு பாடினால் பெண்ணுக்குக் குழந்தை பிறக்காது, வீட்டு ஆண்களுக்கு ஆகாது என்றெல்லாம் அங்கே ஒரு நம்பிக்கை இருந்தது. ‘பாரம்பரியம்’ என்று பேசும்போது அதுவும் பாரம்பரியத்தில் சேர்த்திதான் என்பதை மறந்துவிடக்கூடாது. அதை மீறி 1998ல் சோதுரா துமாத் ‘தூவா கிஸி’ என்ற முழுக்கப் பெண்கள் குழுவைத் தொடங்கினார். அதே சிகித், அதே கர்கிரா, அதே இகில். அதற்கு முன்பே சாயின்ஹோ நம்ச்சிலாக் ஜாஸ், சோதனை இசை மேடைகளில் இந்தக் குரல் உத்திகளை வைத்து வேறு ஒரு உலகமே கட்டியிருந்தார்.

கறார் சாரிடம் ஒரு கேள்வி. பழைய வழக்கம்தான் அளவுகோல் என்றால் தூவா கிஸி உங்கள் கணக்கில் எங்கே வருகிறது?

கறார்_பேர்வழி:
மேடம், நான் பழைய வழக்கத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. புதுசு என்றால் புதுசு என்று சொல்லுங்கள் என்கிறேன். தூவா கிஸி ‘நாங்கள் வழக்கத்தை மீறுகிறோம்’ என்று வெளிப்படையாக நிற்கிறார்கள், எனக்கு அதில் மரியாதை உண்டு. ஹூன்-ஹூர்-டூ பல்கேரியப் பெண்கள் கூட்டுப் பாடகர்களோடு சேர்ந்து ஆல்பம் போட்டிருக்கிறார்கள், க்ரோனோஸ் குவார்ட்டெட் என்ற அமெரிக்கத் தந்தி வாத்தியக் குழுவோடு வாசித்திருக்கிறார்கள், எலெக்ட்ரானிக் இசைக்காரரோடும் கூட்டு. சயான் பாப்பா கையில் கிதாரே இருக்கிறது. இதற்குப் பிறகும் விளம்பரத்தில் ‘ஆதி நாடோடிக் குரல்’ என்று வருகிறதே, அதுதான் உறுத்துகிறது.

நீலாம்பரி:
விளம்பரம் எழுதுவது கச்சேரி நடத்துகிறவன். அதற்கு அவர்களைப் பிடிக்காதீர்கள். ‘ஆதி’, ‘மர்மம்’ என்று போட்டால்தான் அந்த ஊரில் டிக்கெட் போகும் போல.

வெட்டி_ஆபீசர்:
இந்த ஊரோடு ரிச்சர்ட் ஃபைன்மனுக்கு ஏதோ தொடர்பு உண்டே? இயற்பியல் ஃபைன்மன்.

பழைய_ரேடியோ:
உண்டு. சின்ன வயதில் அந்தத் தபால்தலைகளைப் பார்த்தவர். தலைநகரம் கிஸில் (Kyzyl) என்ற பெயரில் ஆங்கில உயிரெழுத்து ஒன்றுகூட முறையாக இல்லை, அப்படிப்பட்ட ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நண்பர் ரால்ஃப் லெய்ட்டனோடு சேர்ந்து வருஷக்கணக்கில் சோவியத் அனுமதிக்கு அலைந்தார். 1988 பிப்ரவரியில் இறந்துபோனார். அனுமதிக் கடிதம் அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தது. அந்த அலைச்சலில் பிறந்த நட்பு வட்டம்தான் பிறகு தூவாப் பாடகர்களை அமெரிக்காவுக்கு வரவழைப்பதில் முன்னால் நின்றது. 1993 புத்தாண்டில் கலிஃபோர்னியாவின் ரோஸ் அணிவகுப்பில் தூவாக்காரர்கள் குதிரையில் போனார்கள். அமெரிக்க ராக் இசைக்காரர் ஃபிராங்க் ஸப்பாவின் கடைசி ஆல்பங்களில் ஒன்றில் அவர்கள் குரல் இருக்கிறது. நம் வயலின் எல். சங்கரின் ஆல்பத்தை 1979ல் தயாரித்த அதே ஸப்பா.

பால் பீனா கதை இதைவிட எனக்கு நெருக்கம். சான் ஃபிரான்சிஸ்கோவில் கண் தெரியாத ப்ளூஸ் பாடகர். 1984ல் சிற்றலை வானொலியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ரேடியோ மாஸ்கோவில் இந்தக் குரல் காதில் விழுந்திருக்கிறது. ஆசிரியர் கிடையாது. ஒரு இசைத்தட்டைத் தேடிப் பிடித்து, கேட்டுக் கேட்டுத் தானே கர்கிரா கற்றுக்கொண்டார். தூவா மொழிக்கு நேரடி அகராதி கிடைக்காமல் ரஷ்யன் வழியாகச் சொற்களைப் பிடித்தார். 1995ல் கிஸிலுக்கே போய்ப் போட்டியில் கலந்துகொண்டு கர்கிரா பிரிவில் ஜெயித்தார். கோங்கர்-ஊல் ஒந்தார் என்ற பெரிய பாடகர்தான் அவரை அழைத்துப்போனவர். அந்தக் கூட்டத்தில் ஒரு வெளியூர்க்காரனின் ப்ளூஸ் கனத்தையும் தங்கள் கர்கிராவாகவே ஏற்றுக்கொண்டார்கள் பாருங்கள், கறார் சார். எல்லை எங்கே என்று அவர்களே உங்களைவிடத் தாராளமாக இருக்கிறார்கள்.

கறார்_பேர்வழி:
விருந்தாளிக்குப் பரிசு கொடுப்பது தாராளம். அதை வைத்து வரையறை செய்ய முடியாது.

மாடித்தோட்டம்:
அப்பாடா, ஒரு கேள்வி கேட்டதற்கு இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. எனக்கு வரிசை தெரியவில்லை. முதலில் எதைக் கேட்பது?

பழைய_ரேடியோ:
ஹூன்-ஹூர்-டூவின் 1993, 1994 ஆல்பங்கள் இரண்டையும் முதலில் முடியுங்கள். கூட்டு ஆல்பங்கள் அப்புறம். அடுத்து அலாஷ் குழு, இவர்களுக்கு அடுத்த தலைமுறை, கிஸில் கலைக் கல்லூரியில் படித்த பையன்களாகச் சேர்ந்து தொடங்கியது. அங்கேயும் கிதார் வரும், கறார் சாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிறகு தூவா கிஸி. கடைசியாக 1990ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட களப்பதிவு. 1987ல் தூவாவுக்கே போய்ப் பதிவு செய்தது. குழு இல்லை, மேடை இல்லை, தனி ஆட்கள்தான். சிலர் அதைத்தான் முதலில் கேட்கச் சொல்வார்கள். எனக்கு அது சரிப்படாது. மேடையில் கேட்டுப் பழகிய காதோடு போனால்தான் அந்தத் தனி ஆள் என்ன செய்கிறான் என்று பிடிபடும்.

மிக்ஸர்_போர்டு:
போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், தயவுசெய்து. கர்கிராவின் அடி ஒலி அதில் வரவே வராது, உங்களுக்கு வெறும் விசிலும் கொஞ்சம் தொண்டைக் கரகரப்பும்தான் மிஞ்சும். சாதாரண ஹெட்போன் இருந்தாலே போதும். ஈக்வலைசரில் பாஸ் ஏற்றவும் வேண்டாம்.

கறார்_பேர்வழி:
களப்பதிவை நான் முதலில் கேட்கப் போகிறேன். பழைய_ரேடியோ சொன்ன வரிசையைத் தலைகீழாகப் போட்டுவிட்டு வந்து மிச்சத்தைப் பேசுகிறேன்.

வெட்டி_ஆபீசர்:
கீழ் வீட்டுக்காரருக்கும் லிங்க் அனுப்பிவிட்டேன். இப்போது அவரும் முயற்சி செய்கிறார். மோட்டார் இரண்டு ஓடுகிறது.